பிரஷர் நல்லாத்தான் கிடந்தது

இலங்கையின் வடக்கே வன்னியில் வீதி விபத்து, பிள்ளைப்பேறு, பனையால் விழுந்தது என்று எதைப் பற்றிக் கதை வந்தாலும், சாவில் முடிந்த கதைகளில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: "ஏத்தேக்க பிரஷர் நல்லாத்தான் கிடந்தது. இடையில என்ன நடந்ததெண்டு தெரியேல்ல." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அளந்த மெசினும் அநேகமாகப் பொய் சொல்லவில்லை. இடையில் புதிதாக எதுவும் நடந்திருக்காது. வண்டியில் ஏற்றும்போதே நடந்துகொண்டிருந்ததுதான் முடிந்திருக்கும். குருதியமுக்கம், இழந்த இரத்தத்தின் அளவைக் காட்டுவதில்லை. அந்த இழப்பை மறைக்க உடம்பு படும் பாடு இன்னும் பலிக்கிறதா என்பதையே காட்டுகிறது. பலிக்கும் வரை எண் பெரிதாக அசையாது. பலிக்காத கணத்தில் பொத்தென்று விழும்.

இது கொழும்பிலும் உண்மைதான். ஆனால் பத்து நிமிடத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகக்கூடிய இடத்தில், இதை அறியாமலே தப்பிவிடலாம். கொக்கிளாயிலும் துணுக்காயிலும் நிலைமை வேறு. முல்லைத்தீவிலிருந்து ஏ9 வீதியைப் பிடிக்க மாங்குளம் வரை ஏறத்தாழ 50 கி.மீ. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு இன்னும் 65 கி.மீ. அளவில். இரவில் யானை, வீதியில் படுத்திருக்கும் மாடு, மாரியில் வெள்ளம். உடம்பு இழப்பை மறைத்துத் தாக்குப்பிடிக்கும் நேரம் முழுவதும் வீதியிலேயே செலவாகிப் போகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் கிலோவுக்கு ஏறத்தாழ 70 மி.லீ. இரத்தம் உண்டு. 60 கிலோ ஆளுக்கு 4.2 லீற்றர். சிறுபிள்ளைகளில் கிலோவுக்கு 80 மி.லீ.; ஆகவே 20 கிலோப் பிள்ளையின் உடம்பில் மொத்தமே 1.6 லீற்றர், ஒரு பெரிய சோடாப் போத்தலைவிடச் சற்றே கூட. அதில் 30 வீதம் 480 மி.லீ. தகப்பன் இரத்ததான முகாமில் சிரித்துக்கொண்டு கொடுத்துவிட்டு வரும் ஒரு பையின் அளவு அது. அதே அளவு பிள்ளையிடமிருந்து போனால் பிள்ளை சாவின் விளிம்பில் நிற்கும்.

இரத்ததான முகாமே இந்தப் பாடத்தின் முதல் ஆய்வுகூடம்தான். பாடசாலை மண்டபத்திலோ கோயில் மடத்திலோ, 50 கிலோவுக்குக் குறையாத, ஈமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாத ஒருவரிடம் 450 மி.லீ. எடுக்கிறார்கள். 60 கிலோ ஆளின் மொத்த இரத்தத்தில் பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. எழுப்பி இருத்தி அளந்தால் அமுக்கம் அநேகமாக முன்பிருந்தபடியே இருக்கும். போன திரவவிழையத்தை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியை, உடம்பு ஓரிரு நாளில் நிரப்பிக்கொள்ளும். செங்குழியங்களை ஈடுகட்ட நான்கு தொடக்கம் எட்டுக் கிழமை வேண்டும். ஆனால் வரிசையில் எப்போதும் ஒரு பொடியன் இருப்பான்: எடுத்து முடிகிற நேரம் வெளிறி, வியர்த்து, நாடித்துடிப்பு ஐம்பதுக்கு இறங்கிச் சரிவான். கூட நிற்பவர்கள் "பயந்திட்டான்" என்று சிரிப்பார்கள். அவனை ஞாபகம் வைத்திருங்கள். பெரிய இரத்தப்போக்கை விளங்கிக்கொள்ள அவன் பிறகு தேவைப்படுவான்.

குளமும் கடைமடையும்

கழுத்து நாடிக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருநாடியின் வளைவிலும், குழாய்ச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் சற்றுக் குறைந்தாலும், அமுக்கமானியில் எதுவும் தெரியுமுன் இவை மூளைத்தண்டுக்குச் சொல்லிவிடும். அடுத்த சில செக்கன்களில் நோரட்ரினலினும் அட்ரினலினும் பாயும். இதயம் வேகமாகும். தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் சிறு குழாய்கள் இறுகும். உடம்பின் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களில்தான் தேங்கி நிற்கிறது. குடல், ஈரல், மண்ணீரல் பக்கத்து நாளங்கள் பெரிய குளம் மாதிரி. அவையும் சுருங்கி, தேங்கியதை இதயத்துக்குத் தள்ளும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இது பழகிய சங்கதி. குளத்து மட்டம் இறங்கினால் கிளை வாய்க்கால்களை ஒவ்வொன்றாக மூடி, தலைவாய்க்காலில் மட்டத்தைப் பிடித்து வைப்பார்கள். துருசடியில் (மதகடியில்) நின்று பார்ப்பவருக்கு நீர்மட்டம் நல்லாகத்தான் தெரியும். கடைமடைக்காரனின் வயல் வெடித்துக் கிடக்கும். மேற்கையில் பட்டி சுற்றி நாம் அளப்பது தலைவாய்க்காலின் மட்டம். இரத்தம் குறைந்துவிட்டது என்ற செய்தியைத் தோல், குடல், சிறுநீரகம் என்ற கடைமடையில் தேட வேண்டும்.

ஆகவே முதல் அறிகுறிகள் எல்லாம் உடம்பு துருசு மூடியதன் அடையாளங்கள். தோல் குளிர்ந்து ஈரமாகும். நமது கறுத்த தோலில் வெளிறல் இலகுவில் பிடிபடாது; உள்ளங்கை, கீழ் இமையின் உட்புறம், நாக்கு, உதட்டின் உட்பக்கம் பார்க்க வேண்டும். விரல் நகத்தை ஐந்து செக்கன் அழுத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டும். இருட்டிலும் குளிரிலும் இது ஏமாற்றும். அதைவிட நம்பக்கூடியது புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. பாதத்திலிருந்து மேலே தொட்டுக்கொண்டு வந்து, குளிர் எந்த இடத்தில் முடிகிறதென்று பாருங்கள். கணுக்காலில் இருந்த எல்லை அரை மணியில் முழங்காலுக்கு ஏறியிருந்தால், மெசின் என்ன சொன்னாலும் இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. சிறுநீர்க்குழாய் போட்டிருந்தால் மணிக்கு, கிலோவுக்கு 0.5 மி.லீ.க்குக் கீழே இறங்குவது இதே செய்திதான். 60 கிலோ ஆளுக்கு 30 மி.லீ.

அடுத்தது தாகம். 2009இல், போரின் கடைசி மாதங்களில், வன்னியில் இருந்த எவரிடமும் இதை விளக்கத் தேவையில்லை: காயப்பட்டவர்கள் தண்ணீர்தான் கேட்டார்கள். சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்ததும் அது ரெனினைச் சுரக்கும். அதிலிருந்து உருவாகும் அஞ்சியோரென்சின் குழாய்களை இறுக்குவதோடு மூளையில் தாகத்தையும் தூண்டும். கூடவே வாசோபிரசின் என்ற ஓமோன் சிறுநீரைக் கட்டும். ஆகவே காயப்பட்டவர் "தண்ணி, தண்ணி" என்று கேட்பது வெயிலால் வந்த தாகமாக மட்டும் இராது. அதுவும் ஓர் அளவீடு. அதற்காகச் சோடா உடைத்துப் பருக்குவது சரியல்ல. குடல் வாய்க்கால் மூடியிருக்கிறது; உள்ளே போனது உறிஞ்சப்படாமல் வாந்தியாகும், நினைவு தளர்ந்தவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும், மயக்கமருந்து கொடுப்பவருக்கும் அது பெரிய தலையிடி. ஈரத் துணியால் உதட்டை நனைத்தால் போதும்.

ஈமோகுளோபின் பரிசோதனையும் முதல் மணித்தியாலத்தில் கைவிடும். பாற்குடத்தில் பாதியை ஊற்றிவிட்டாலும் மிச்சப் பாலின் தடிப்பு அதேதான். தசையிடைத் திரவம் மயிர்த்துளைக் குழாய்களுக்குள் மெல்ல இழுபட்டுக் கலந்த பிறகோ, நாம் சேலைன் ஏற்றிய பிறகோதான் எண் இறங்கத் தொடங்கும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி 99 காட்டுவதும் இப்படித்தான். இருக்கிற இரத்தம் ஒட்சிசனால் நிறைந்திருக்கிறது என்றே அது சொல்கிறது. எவ்வளவு இரத்தம் இருக்கிறது என்று சொல்லத் தெரியாது.

உயிரோடு ஒருவரை எப்படி ஆராய்வது?

இதற்கு நீண்ட காலம் நாய்கள்தான் விடை. அமெரிக்க உடற்றொழிலியலாளர் கார்ல் விக்கர்ஸ் 1940களில் நாய்களின் அமுக்கத்தை 50 மி.மீ. பாதரசத்தில் 90 நிமிடமும், பிறகு 30இல் 45 நிமிடமும் பிடித்து வைத்துவிட்டு, எடுத்த இரத்தம் முழுவதையும் திருப்பி ஏற்றினார். அமுக்கம் திரும்பியது, நாய்களில் பெரும்பாலானவை பிறகு செத்தன. போன இரத்தத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் மீளாத ஒரு கட்டம் உண்டு என்பது அப்போது உறுதியானது. அதற்கு முன்பே அல்பிரட் பிளாலொக், நசுங்கிய காலுக்குள் கசிந்து தேங்கும் திரவமே அதிர்ச்சி நிலைக்கு (உறுப்புகளுக்கு இரத்தம் போதாமற்போகும் நிலைக்கு) போதுமான காரணம், மர்மமான நஞ்சு ஒன்றும் தேவையில்லை என்று நிறுவியிருந்தார்.

மனிதரில் ஆராயக் கிடைத்த கெட்டித்தனமான வழி, இரத்தத்தை வெளியே எடுக்காமல் காலுக்குள் ஒளித்துவைப்பது. ஆளைப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் விட்டு, இடுப்பைச் சுற்றி இறப்பர் பாவாடையால் காற்றுப் புகாமல் அடைத்து, பெட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். உறிஞ்ச வீட்டில் தூசு எடுக்கும் மெசினே போதும். விண்வெளிப் பயண ஆராய்ச்சிக்காக 1960களில் வளர்ந்த முறை. ஸ்கைலாப் விண்கூடத்திலும் ஒரு பெட்டி இருந்தது. ரெக்சாஸில் அமெரிக்க இராணுவச் சத்திரசிகிச்சை ஆராய்ச்சி நிறுவனத்தில் விக்ரர் கொன்வெர்ரினோவின் குழு இதை இரத்தப்போக்கு ஆய்வுக்குத் திருப்பியது. உறிஞ்சலை −15, −30, −45, −60 மி.மீ. பாதரசம், பிறகு பத்துப் பத்தாக −100 வரை, ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். −40ஐத் தாண்டினால் ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் போன நிலை. மயக்கம் வரும் சாயல் தெரிந்ததும் உறிஞ்சலை விடுவார்கள். ஆள் உடனே வழமைக்கு வருவார். இது உண்மையான இரத்தப்போக்குக்கு ஒத்து வருகிறதா என்று பார்க்க, தொண்டர்களிடமிருந்து 333 மி.லீ. வீதம் மூன்று தடவை, மொத்தம் ஒரு லீற்றர் எடுத்து ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். இதயமும் குழாய்களும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் நடந்துகொண்டன. காயத்தின் வலி, நசுங்கிய தசை, உறையாமை ஆகியவை பெட்டிக்குள் கிடையாது என்பது இந்த முறையின் குறை.

அங்கே வெளியான வரைபடம் ஒன்றுதான் இந்தக் கட்டுரையின் சாரம். ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் அளவு முதற் படியிலிருந்தே நேர்கோடாய் இறங்குகிறது. மேல் அமுக்கமோ கடைசிப் படிகள் வரை அநேகமாகக் கிடையாக ஓடி, பிறகு செங்குத்தாக விழுகிறது. இன்னொன்றும் தெரிந்தது: ஆரோக்கியமான இளம் ஆட்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் −60ஐத் தாண்டாமலே சரிந்தார்கள், மற்றவர்கள் அதற்கு அப்பாலும் நின்றார்கள். நின்றவர்களின் இதயம் கூடுதலாக வேகமெடுத்தது, வாசோபிரசினும் கூடச் சுரந்தது. தொடக்கத்தில் இரு சாராரின் அமுக்கமும் ஒன்றே. ஆகவே 15, 30, 40 வீதம் என்று இரத்தப்போக்கை நான்கு தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இன்ன துடிப்பு, இன்ன அமுக்கம் என்று பாடப்புத்தகத்தில் போடும் அட்டவணையைப் பரீட்சைக்குப் பாடமாக்கலாம். நோயாளி அதைப் பாடமாக்கி வருவதில்லை. பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் பெரிய காயப் பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோதும் ஆட்கள் அந்த அட்டவணையின் கட்டங்களுக்குள் அடங்கவில்லை.

இப்போது முகாமில் சரிந்த பொடியனுக்கு வருவோம். 1944இல் ஹென்றி பார்குரொப்டும் கூட்டாளிகளும் தொண்டர்களிடம் இரத்தம் எடுத்து, மயங்கும் கணத்தில் என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். அந்தக் கணத்தில் இதயம் திடீரென ஓயவில்லை. இறுகியிருந்திருக்க வேண்டிய தசைக் குழாய்கள் சட்டென்று திறந்துவிட்டன, நாடித்துடிப்பு இறங்கியது. மூடிய துருசுகள் எல்லாம் ஒரேயடியாகத் திறபட்டது மாதிரி. பொடியனுக்கு இது பத்து வீதத்தில் நடந்தது, படுத்ததும் சரியாகிவிட்டது. பெரிய இரத்தப்போக்கிலும், குறிப்பாக வயிற்றுக்குள் ஒழுகும்போது, இதே விளையாட்டு நடக்கலாம். குழாய்க் கருப்பம் (கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிய கரு) வெடித்து வரும் பெண்ணின் துடிப்பு 70இல் நிற்பது இதனால்தான். துடிப்பு வேகமில்லை, ஆகவே இரத்தம் போகவில்லை என்ற முடிவு பிழை. பிரஷருக்கு அற்றெனொலோல் மாதிரிக் குளிசை போடும் முதியவரிலும் துடிப்பு ஏறாது.

கடைமடை காய்ந்து கிடப்பதற்கு ஒரு விலை உண்டு. ஓய்வில் உடம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மி.லீ. ஒட்சிசன் எரிக்கிறது, இரத்தம் கொண்டுவருவது 1000 மி.லீ. அளவில். நாலில் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்த இழையங்கள் வரத்து குறையக் குறைய மூன்றில் இரண்டு வரை பிடுங்கிச் சமாளிக்கும். அதற்கு மேல் முடியாதபோது ஒட்சிசன் இல்லாமல் எரித்து இலற்றிக் அமிலத்தைக் குவிக்கும். அதுதான் ஒட்சிசன் கடன். குறோவெலும் சிமித்தும் 1964இல் நாய்களில் அளந்தார்கள்: கடன் கிலோவுக்கு 100 மி.லீ. வரை தப்பின; 120இல் பாதி செத்தன; 140க்கு மேல் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. நுண்கடன் எடுத்துத் தவித்த வீடுகளுக்கு இதன் தர்க்கம் புரியும்: ஒரு தவணை தவறியது ஆளை வீழ்த்தாது, சேர்ந்த வட்டிதான் வீழ்த்தும். காயப்பட்டவர் அமிலத்தை வெளியேற்ற வேகமாக மூச்சு வாங்குவார், அலைக்கழிவார், கையைத் தட்டிவிடுவார், சம்பந்தமில்லாமல் கதைப்பார். இரவு விபத்துகளில் இதைக் "குடிபோதை" என்று ஓரமாகக் கிடத்திவிடுவது உண்டு. குடித்திருக்கவும் கூடும், அதற்காக இரத்தம் போகாமல் இராது.

எதை அளப்பது

ஓர் அளவீடு பயனற்றது, இரண்டு அளவீடு பெறுமதி. ஓர் உதாரணம். பத்து மணிக்குத் துடிப்பு 88, அமுக்கம் 118/76. பத்தேகாலுக்குத் துடிப்பு 108, அமுக்கம் 112/90. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் துடிப்பை மேல் அமுக்கத்தால் பிரித்தால் 0.75 ஆக இருந்தது 0.96 ஆகிவிட்டது, ஆரோக்கியமானவரில் அது 0.5 தொடக்கம் 0.7 வரை. மேலுக்கும் கீழுக்குமான இடைவெளி 42இலிருந்து 22க்குச் சுருங்கிவிட்டது. இந்த இடைவெளி மேல் அமுக்கத்தின் நாலில் ஒன்றுக்குக் கீழே போனால் இதயம் வெறுமையாகிறது என்று கொள்ளலாம். கீழ் எண் ஏறுவதை "நல்ல பிரஷர்" என்று எடுப்பவர்கள் உண்டு. துருசு இறுகுவதுதான் அந்த ஏற்றம்.

கைக்கு அகப்படும் நாடித்துடிப்பை வைத்து "மணிக்கட்டில் தெரிந்தால் 80க்கு மேல்" என்று சொல்லும் பழைய வாய்பாடு அமுக்கத்தைக் கூட்டித்தான் சொல்கிறது. தானாக இயங்கும் மெசினும் அமுக்கம் இறங்கிய ஆட்களில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். சந்தேகம் வந்தால் கையால் அளக்க வேண்டும்.

தரையில் கிடக்கும் இரத்தத்தைக் கண்ணால் அளப்பதில் எல்லோரும் குறைத்தே சொல்வார்கள். மகப்பேற்று விடுதிகளில் பழக்கும் சில அளவுகள் உதவும்: தோய்ந்த 10 செ.மீ. கோஸ் துண்டு 60 மி.லீ., முழுக்க நனைந்த பெண்கள் துவாய் 100 மி.லீ., பெரிய வயிற்றுத் துணி 350 மி.லீ., தரையில் 50 செ.மீ. அகலத் தேக்கம் அரை லீற்றர், 75 செ.மீ. ஒரு லீற்றர், ஒரு மீற்றர் அகலம் ஒன்றரை லீற்றர். இவை வழுவழுத்த ஆஸ்பத்திரித் தரைக்கு உரியவை. வன்னியின் மணல் குடித்துவிடும். நனைந்த சாரத்தையும் மோட்டார் சைக்கிள் இருக்கையையும் கூடச் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். வெளியே ஒரு சொட்டும் தெரியாத இரத்தம் வேறு. தொடையெலும்பு முறிந்தால் தொடைக்குள் ஒன்று தொடக்கம் ஒன்றரை லீற்றர் தேங்கும். இடுப்பெலும்பு உடைந்தால் இரண்டைத் தாண்டும். வயிறு மொத்தத்தையும் விழுங்கும். பனையால் விழுந்தவரின் இடுப்பை அமர்த்திப் பார்த்து "ஆடுதா" என்று சோதிப்பது உறைந்ததை மீண்டும் உடைப்பதற்குச் சமம். தொடை எலும்பின் மேற்குமிழ்கள் (தொடையின் வெளிப்பக்கம் மேலே தட்டுப்படும் எலும்பு) மட்டத்தில் ஒரு சீலையைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பலர் கட்டுவதுபோல அரைக்கு மேலே கட்டினால் பயனில்லை.

கர்ப்பிணி தனிக் கதை. நிறைமாதத்தில் இரத்த அளவு 40 வீதத்துக்கு மேல் கூடியிருக்கும். அதனால் அவள் இழப்பை இன்னும் நீண்ட நேரம் மறைப்பாள். அதேநேரம் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 தொடக்கம் 700 மி.லீ. பாய்கிறது. நச்சுக்கொடி விழுந்த இடம் சுருங்காவிட்டால் பத்து நிமிடத்தில் உடம்பே வறளக்கூடும். துடிப்பு ÷ அமுக்கம் 0.9ஐத் தொட்டாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு தொடங்க வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பிறப்புக்குப் பின் அளவுக்கோடு போட்ட பிளாஸ்ரிக் விரிப்பில் இரத்தத்தைச் சேர்த்து அளந்து, கருப்பையைத் தேய்த்தல், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஒக்சிரோசின், உறைவு கரையாமல் காக்கும் ரனெக்சாமிக் அமிலம், சேலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றாய்த் தொடங்கியபோது, பாரிய இரத்தப்போக்கும் அதன் தொடர் விளைவுகளும் 4.3 வீதத்திலிருந்து 1.6 வீதத்துக்கு இறங்கின. மருந்துகளில் புதிதாக ஒன்றுமில்லை. கண்ணால் மதிப்பிடுவதை விட்டு அளந்ததும், ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராததும்தான் வித்தியாசம்.

அடைப்பதும் நிரப்புவதும்

வெளியே ஓடும் இரத்தத்தை நிறுத்துவது காயத்தில் விழும் அழுத்தம்தான். துணியின் அளவு அல்ல. துணி மேல் துணியாக அடுக்கினால் துணி குடிக்கும், காயத்தில் அழுத்தம் விழாது. இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற இடங்களில் சுத்தமான துணியைக் காயத்தின் அடி வரை விரலால் திணித்து, இரண்டு கையாலும் உடம்புப் பாரத்தைப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் அமர்த்த வேண்டும். இடையில் "நிண்டிட்டுதோ" என்று தூக்கிப் பார்த்தால் கணக்கு மீண்டும் பூச்சியத்திலிருந்து. குத்தி நிற்கும் கம்பியை இழுக்கக் கூடாது.

வெட்டு மெசினில் அகப்பட்ட கை, வாளரிந்த கால், மிதிவெடி, கட்டுத்துவக்கு ஆகியவற்றுக்கு, இரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்கக் கட்டு வேண்டும். காயத்துக்கு ஐந்து தொடக்கம் ஏழு செ.மீ. மேலே, மூட்டின் மேல் விழாமல், நாலு செ.மீ.க்குக் குறையாத அகலத்தில் சாரத் துண்டு சுற்றி முடிந்து, முடிச்சுக்குள் உறுதியான தடி செருகி, ஓட்டம் நிற்கும் வரை முறுக்கி, தடி திரும்பாமல் கட்ட வேண்டும். பிளாஸ்ரிக் கயிறும் கம்பியும் தோலையும் நரம்பையும் வெட்டும். அரைகுறையாக இறுக்குவது கட்டாததைவிட மோசம்: மெல்லிய சுவருள்ள நாளம் அடைபடும், நாடிக்குழாய் தள்ளிக்கொண்டே இருக்கும், இரத்தப்போக்கு கூடும். நன்றாக இறுக்கினால் கடுமையாக நோகும். நோகிறதென்று தளர்த்தக் கூடாது. இடையிடையே தளர்த்தி "காலுக்கு இரத்தம் விடுவது" ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை இரத்தத்தை வெளியே ஊற்றுவது. இரண்டு மணித்தியாலம் வரை அவயவத்துக்கு ஆபத்துக் குறைவு. முல்லைத்தீவின் மூலையிலிருந்து அந்த இரண்டு மணித்தியாலம் நெருக்கடிதான், அதனால் நேரம் குறிப்பது இங்கே இரட்டிப்பு அவசியம்.

இதே கை பழக்கத்தில் பாம்புக்கடிக்கும் கட்டிவிடுகிறார்கள். அங்கே அது தவறு. புடையனின் (கண்ணாடி விரியன்) நஞ்சு உறைபொருட்களை எரித்து முடித்துவிடும். முரசாலும் ஊசி குத்திய இடத்தாலும் இரத்தம் கசியும். கட்டினால் கால்தான் அழுகும். ஆஸ்பத்திரியில் 2 மி.லீ. இரத்தத்தைப் புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து ஒருமுறை சரித்துப் பார்ப்பார்கள். தண்ணியாக ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. பிளாஸ்ரிக் குழாயிலோ கழுவிய குழாயிலோ செய்தால் நல்ல இரத்தமும் உறையாததுபோலக் காட்டும்.

பெரிய காயத்திலும் இரத்தம் உறைய மறுக்கும், பாம்பு இல்லாமலே. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் பாரிய காயக்காரரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு, சேலைன் ஒரு துளி ஏறுமுன்பே உறைதல் குழம்பியிருப்பதாக 2003இல் இலண்டனில் கண்டார்கள். அதற்குமேல் நாம் செய்வது சில சமயம் எரிகிற வீட்டுக்கு எண்ணெய். சேலைனில் ஒட்சிசனைச் சுமக்க எதுவும் இல்லை, உறைபொருளும் இல்லை, அதன் குளோரைட்டு அமிலத்தைக் கூட்டும். ஒரு லீற்றர் ஏற்றினால் ஒரு மணித்தியாலத்தில் குழாய்க்குள் மிஞ்சுவது நாலில் ஒன்றளவு; மிச்சம் இழையத்தை வீங்கவைக்கும். அமுக்கத்தைத் தூக்கி, பிடித்திருந்த உறைவை அடித்துக்கொண்டு போகும். வோல்ரர் கனன் 1918இலேயே இதை எச்சரித்தார். ஹூஸ்டனில் உடற்பகுதியில் குத்துண்ட, சுடுபட்ட 598 பேரில், சத்திரசிகிச்சை வரை திரவத்தைத் தாமதித்தவர்களில் 70 வீதம் தப்பினார்கள். உடனே ஏற்றியவர்களில் 62 வீதம். ஆகவே இரத்தம் நிற்கும் வரை மேல் அமுக்கம் 80 தொடக்கம் 90, ஆள் கதைக்கக்கூடிய நினைவு, அது போதும். தலையில் அடிபட்டவருக்கு இது பொருந்தாது. மூளைக்கு 110க்குக் குறையாமல் வேண்டும். "ரெண்டு போத்தில் ஏத்துங்கோ டொக்டர்" என்று நிற்கும் உறவினரின் மனம் விளங்குகிறது. ஆனால் போத்தலின் எண்ணிக்கையில் வைத்தியம் இல்லை.

குளிர் இன்னொரு எதிரி. வன்னி வெக்கையில் குளிரா என்று கேட்கலாம். ஒட்சிசன் இல்லாத தசை சூடு பிறப்பிக்காது. நனைந்த சட்டை, ஓட்டோவில் அடிக்கும் காற்று, குளிர்ப்பெட்டியில் 4 பாகையில் இருந்து எடுத்த இரத்தப் பை எல்லாம் சேர்ந்து உடம்பை 35 பாகைக்குக் கீழே இறக்கும். உறைதல் என்பது நொதியங்களின் வேலை. குளிரில் அவை மந்தமாகும். ஈரத்தைக் கழற்றிவிட்டுக் காய்ந்த போர்வையால் மூடுவது செலவில்லாத மருந்து.

ரனெக்சாமிக் அமிலம் ஜப்பானில் உத்தாகோ ஒகமோட்டோவும் கணவரும் 1962இல் அறிவித்த, மலிவான மருந்து. உருவான உறைவு கரைவதை அது தடுக்கும். 40 நாடுகளில் 20,211 காயக்காரரில் செய்து 2010இல் வெளியான ஆய்வில் மரணம் 16.0 வீதத்திலிருந்து 14.5க்கு இறங்கியது. அளவு: ஒரு கிராம் பத்து நிமிடத்தில், அடுத்த கிராம் எட்டு மணித்தியாலத்தில். முதல் மணித்தியாலத்தில் கொடுத்தவர்களுக்குத்தான் கூடிய பலன். மூன்று மணித்தியாலம் கடந்து கொடுத்தபோது இரத்தப்போக்கால் இறப்பது கூடியது. தூர இடத்திலிருந்து வரும் ஆளுக்கு இந்த மருந்து கடைசி ஆஸ்பத்திரியில் கிடைப்பதைவிட முதல் ஆஸ்பத்திரியில் கிடைப்பது எவ்வளவு பெறுமதி என்பது அந்த எண்களிலேயே இருக்கிறது.

இரத்தத்துக்கு ஈடு இரத்தம்தான். 2009இல் அதுவும் இல்லாமற்போனது, ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, வைத்தியர்கள் நோயாளியின் சொந்த இரத்தத்தையே துணியால் வடித்துத் திரும்ப ஏற்றியதைப் பதிந்திருக்கிறது. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் உடற்றொழிலியல்படி அது அர்த்தமுள்ள செயல். மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் தேங்கும் இரத்தத்தில் பைபிரினோஜன் என்ற உறைபொருள் ஏற்கெனவே செலவாகிவிடுவதால் அது பெரும்பாலும் மீண்டும் உறைவதில்லை. பல மடிப்புக் கோஸால் வடித்து, உறைதலைத் தடுக்கும் சித்திரேற்றுள்ள பையில் சேர்த்தால் செங்குழியங்கள் ஒட்சிசனைச் சுமக்கும். குடல் கிழிந்திருந்தால் மலக்கிருமி கலக்கும் என்பதால் செய்யக் கூடாது. திரும்பப் போகும் இரத்தத்தில் உறைபொருள் இல்லை என்பதும் அதன் குறை. இன்றும் குழாய்க் கருப்பம் வெடித்து, இரத்த வங்கியில் பொருந்தும் பை இல்லாத சிறிய ஆஸ்பத்திரிகளில் உலகெங்கும் இது கைகொடுக்கிறது. வங்கி இரத்தம் பல பை ஏறும்போது அதிலுள்ள சித்திரேற்று உடம்பின் கல்சியத்தைப் பிடித்துவிடும். கல்சியம் குறைந்தால் இதயமும் தளரும், உறைதலும் நிற்கும். சில பைகளுக்கு ஒருமுறை கல்சிய ஊசி மறக்கப்படுவது அடிக்கடி நடக்கும் பிழை.

1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் அம்புலன்ஸ் சேவை வட மாகாணத்துக்கு வந்தது 2018இல். அழைக்கும்போது இடத்தோடு, எப்போது காயம்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்ததுக்கு மாற்றும்போது கடிதத்தில் "பிரஷர் நோர்மல்" என்ற இரண்டு சொல் எதையும் சொல்லாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த துடிப்பு, மேல் அமுக்கம், கீழ் அமுக்கம், மூச்சு; ஒவ்வொன்றுக்கும் நேரம்; குளிர் எந்த இடம் வரை ஏறியது; எவ்வளவு சேலைன், ரனெக்சாமிக் எத்தனை மணிக்கு; போடும் பிரஷர்க் குளிசை, இரத்தம் ஐதாக்கும் குளிசை; கட்டு இறுக்கிய நேரம். கடதாசி அகப்படாவிட்டால் கட்டு இறுக்கிய நேரத்தையாவது அவரது நெற்றியில் பேனையால் எழுதிவிடலாம்.